விருஷபாவதிக்கு நாடி பார்ப்போம், வாருங்கள்!

மைசூர் ரோட்டில் பஸ் போகிறது. நாயண்டஹள்ளி நெருங்கியதும் ஜன்னல் ஓரம் இருப்பவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொள்கிறார். "என்ன சாக்கடை நாற்றம்!" என்று முகத்தைச் சுளிக்கிறார்.

அது சாக்கடை அல்ல, ஆறு!

விருஷபாவதி என்பது அதன் பெயர். பசவனகுடி பெரிய நந்தி கோவில் அருகே பிறந்ததால் காளையின் பெயரையே தாங்கியது. காலி ஆஞ்சநேயர் கோவில் இதன் கரையில்தான் எழுந்தது. இன்று அந்த ஆறு நோயாளி. மனிதனுக்கு நோய் வந்தால் வைத்தியர் நாடி பார்ப்பார். ஆற்றுக்கு எப்படிப் பார்ப்பது?

மூச்சு இருக்கிறதா?

முதலில் பார்ப்பது ஆற்றின் மூச்சு. தண்ணீரில் பிராணவாயு கரைந்திருக்கிறது. மீன் சுவாசிப்பது அதைத்தான். சுத்தமான ஓடையில் ஒரு லிட்டருக்கு 7 அல்லது 8 மில்லிகிராம் இருக்கும். மீன் பிழைக்க 4 மில்லிகிராமாவது வேண்டும், குளிக்கும் துறைக்கு 5 வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல்.

பிராணவாயு அடியோடு தீர்ந்துவிட்டால் என்ன ஆகும்? அது இல்லாமலே வாழும் வேறு வகைக் கிருமிகள் கழிவைத் தின்னத் தொடங்குகின்றன. அவை வெளிவிடும் வாயுவுக்கு அழுகிய முட்டையின் நாற்றம். சேறும் கறுத்துவிடும். ஆகவே, கைக்குட்டையை எடுத்த அந்தப் பயணி தம்மை அறியாமலே ஆற்றைச் சோதித்துவிட்டார்!

கழிவின் பசி

அடுத்த சோதனை, தண்ணீரில் எவ்வளவு கழிவு கலந்திருக்கிறது என்பது. நீரைப் புட்டியில் அடைத்து, 27 டிகிரி வெப்பத்தில் 3 நாள் வைக்கிறார்கள். அதற்குள் கிருமிகள் எவ்வளவு பிராணவாயுவைத் தின்று தீர்த்தன என்று கணக்கிடுகிறார்கள். குளிக்கத் தகுந்த நீரில் இது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வீட்டுச் சாக்கடை நீரிலோ சுமார் 200 இருக்கும்! மலக் கிருமிகளையும் எண்ணுகிறார்கள். 100 மில்லிலிட்டர் நீரில் 2,500-க்கு மேல் இருந்தால் அதில் இறங்கவே கூடாது.

நகரைக் கடந்து போகும் விருஷபாவதி இந்த அளவுகளுக்கு அருகில்கூட வரவில்லை.

பூச்சிகள் சொல்லும் சாட்சி

புட்டியில் பிடித்த நீர் அந்த ஒரு நிமிடத்தின் கதையை மட்டுமே சொல்லும். பகலில் சோதித்தால் சுமாராக இருக்கும். நள்ளிரவில் யாரோ குழாயைத் திறந்து அமிலத்தை விட்டால் அது எப்படித் தெரியும்?

தெரியும். ஆற்றின் அடியில் குடியிருக்கும் பூச்சிகள் சாட்சி சொல்லும்! அவை மாதக்கணக்கில் அங்கேயே கிடப்பவை. ஒரே ஒரு இரவு விஷம் வந்தாலும் மெல்லியவை மடிந்துவிடும்.

நல்ல ஓடையில் ஒரு கல்லைப் புரட்டினால், வாலில் மூன்று இழைகள் கொண்ட சிறு பூச்சிகள் ஓடும். மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டிய புழுக்கள் இருக்கும். நீர் கெடக் கெட இவை முதலில் மறையும். தட்டான் குஞ்சுகள் சில காலம் தாக்குப்பிடிக்கும். கடைசியில் மிஞ்சுபவை சிவந்த புழுக்கள். மீன் தொட்டிக்கு உணவாகப் போடுகிறோமே, அந்த வகை. பிராணவாயு குறைந்த சேற்றிலும் அவை பிழைக்கும்.

ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, தெளிந்த வாய்க்காலில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். எத்தனை வகைப் பூச்சி என்று எண்ணுங்கள். வகை கூடக் கூட வாய்க்கால் ஆரோக்கியம். ஆனால் விருஷபாவதியில் மட்டும் கை வைக்காதீர்கள்!

நமக்கு என்ன?

பெங்களூர் குடிப்பது காவிரி நீர். 1974 முதல் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். வீட்டில் செலவாகும் நீரில் சுமார் 80 சதவீதம் கழிவாகத் திரும்புகிறது. நகரின் மேற்குப் பகுதிக் கழிவு நீர் இறங்கும் வழி விருஷபாவதி. சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆனாலும் எல்லாக் கழிவும் அவற்றுக்குப் போய்ச் சேருவதில்லை.

பிறகு? கெங்கேரி, பிடதி கடந்து பைரமங்கலா ஏரி. அங்கே இந்த நீரில்தான் பயிர் விளைகிறது. அதைத் தாண்டி அர்க்காவதி. மேகதாதுவுக்கு அருகே சங்கமாவில் காவிரி. அடுத்து ஒகேனக்கல்! அங்கிருந்து 2013 முதல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குடிநீர் போகிறது. நம்மில் எத்தனை பேருக்கு அது சொந்த ஊர்!

வீட்டுக் கழிவை ஆறு ஓடி ஓடி ஓரளவு செரித்துவிடும். பாறையில் மோதி விழும்போது மீண்டும் மூச்சும் வாங்கும். ஆனால் முலாம் பூசும் பட்டறை விடும் குரோமியம், நிக்கல் செரிக்காது. சேற்றில் தங்கும், பயிரில் ஏறும்.

எந்தக் குழாய் எந்த நேரத்தில் திறக்கிறது என்பது பட்டறையில் வேலை செய்யும் நம் தோழர்களுக்குத் தெரியும். வேலை போய்விடுமே என்ற பயம் நியாயமானதுதான். தனி ஆளாகச் சொல்லப் பயந்தால் சங்கத்தின் மூலம் சொல்லலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் எழுதலாம். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974 முதல் இருக்கிறது.

இங்கே நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகும் தண்ணீர்தான், அங்கே நம் அம்மா குடத்தில் பிடிக்கும் தண்ணீரோடு கலக்கிறது. அடுத்த முறை நாயண்டஹள்ளி வரும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.