வகுப்பறையில் கைப்பேசி

பள்ளிப் பிள்ளைகளும் கைப்பேசியும் என்னும் பிரச்சினை நகரத்தாருக்கே உரியது என்று நம்மில் பலர் எண்ணி வருகிறோம். உண்மை அவ்வாறன்று. 2024-ஆம் ஆண்டில் நாட்டின் கிராமங்களில் எடுக்கப்பெற்ற 'அசர்' கணக்கின்படி, 14 முதல் 16 வயதுள்ள பிள்ளைகளில் 100-க்கு ஏறக்குறைய 90 பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் உண்டு. அதை இயக்கத் தெரிந்த பிள்ளைகளில், முந்தைய வாரம் படிப்பிற்குப் பயன்படுத்தியோர் 57 சதவிகிதம். சமூக ஊடகங்களுக்குப் பயன்படுத்தியோர் 76 சதவிகிதம்.

2020-இல் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டபோது பல வீடுகளுக்குப் பாடம் வந்தது இக்கருவி வழியாகத்தான். கடன் பட்டேனும் அதை வாங்கித் தந்த குடியானவர்கள் உண்டு. ஆகையால் அதை ஒரேயடியாகத் தூற்றுவது முறையன்று.

வகுப்பு நேரம் வேறு. கைப்பேசியினால் சிதறிய மனம் பாடத்திற்குத் திரும்ப 20 நிமிடம் வரை ஆகலாம் என ஓர் ஆய்வு கண்டதாக யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. 40 நிமிடப் பாடவேளையில் பாதி போயிற்று! வாய்க்கால் கரையில் ஓர் எலிவளை இருந்தால் கடைமடைக்கு என்ன நேரும் என்பதை உழவர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. பிரான்சு தேசம் 2018-இலேயே பள்ளிகளில் இதைச் சட்டத்தால் தடுத்தது. தில்லி உயர்நீதிமன்றமோ 2025-இல், முழுத் தடை வேண்டாம், வகுப்பில் கூடாது, இயன்ற இடங்களில் காலையில் வாங்கி வைத்து மாலையில் திருப்பித் தரலாம் என்று வழி காட்டியது. நமது கிராமங்களுக்கு இதுவே பொருந்தும் என்பது நம் கருத்து.

பறிமுதல் செய்து நாட்கணக்கில் வைத்துக்கொள்வது நமக்கு உடன்பாடன்று. பல வீடுகளில் குடும்பம் முழுவதற்கும் கைப்பேசி ஒன்றே. வங்கிச் செய்தியும் அதில்தான் வரும். அதை இழந்து தகப்பனாருக்கு அஞ்சும் பெண் மறுநாள் பள்ளிக்கே வாராது நின்றுவிட்டால், விதியினால் விளைந்த பயன் யாது? தொலைவிலிருந்து பஸ்ஸில் வருவோர்க்கு வழியில் அது துணையும் ஆகும்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. இதை அக்குழுவிலேயே பேசி முடிவு செய்யலாம். ஆசிரியர்களும் வகுப்பில் கைப்பேசியைத் தொடாதிருக்க இசைய வேண்டும். இல்லையேல் பிள்ளைகள் விதியை மதியார். அவசரச் செய்திக்குத் தலைமையாசிரியரின் எண்ணைப் பெற்றோர்க்குத் தந்துவிடலாம். மற்றபடி தேவை, பூட்டுள்ள மரப்பெட்டி ஒன்றும் பதிவேடு ஒன்றுமே. பலகையை ஊரில் ஒருவர் கொடுத்தால் தச்சுக்கூலி மட்டுமே செலவு.