சேல்ஸ்மேன் டு ஸ்டோர் மேனேஜர்: ரீடெய்ல் வேலையில் மேலே போவது எப்படி?

‘கடையில நிக்கிற வேலைதானே?’ ரீடெய்ல் துறையில் இருக்கும் யாரும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் இந்தக் கேள்வியிலிருந்து தப்பித்திருக்க மாட்டார்கள்.

இதற்குப் பதிலாகச் சொல்ல ஒரு பிரபலமான கதை உண்டு. அமெரிக்காவின் வால்மார்ட்டில் 1984-ல் கோடை விடுமுறை வேலையாக லாரியிலிருந்து சரக்கு இறக்கப் போன டக் மெக்மில்லன், 2014-ல் அதே நிறுவனத்தின் சி.இ.ஓ ஆனார். அவருக்கு அடுத்து வந்த ஜான் ஃபர்னரும் 1993-ல் கடையின் தோட்டப் பொருட்கள் பிரிவில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்தான்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு நல்ல மேட்டர். ஆனால், தி.நகரிலோ காந்திபுரத்திலோ ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்கு நடுவே புடவையை 30-வது முறையாக மடித்துக்கொண்டிருப்பவருக்குக் கேள்வி வேறு: நான் நிற்கிற இந்தக் கடையில் ஏணி இருக்கா, இல்லையா?

ரெண்டு கடை, ரெண்டு ஏணி

சங்கிலித் தொடர் கடைகளில் ஏணி பேப்பரிலேயே இருக்கும். சேல்ஸ் அசோசியேட், டீம் லீடர், டிபார்ட்மென்ட் மேனேஜர், ஸ்டோர் மேனேஜர், ஏரியா மேனேஜர் என்று போகும். பதவிப் பெயர்கள் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் ஒரு கடைக்கு ஒரு ஸ்டோர் மேனேஜர்தான். அவர் நகராமல் கீழே இருப்பவர் ஏற முடியாது. அதனால் இங்கே புரமோஷன் என்பது பெரும்பாலும் புதுக் கடை திறக்கும்போது வருவது. தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ புது கிளை வருகிறது என்றதும் ‘நான் போறேன் சார்’ என்று கை தூக்குபவருக்கு, சொந்த ஊரை விட்டு நகராதவரைவிட வாய்ப்பு சீக்கிரம் வரும். புதுக் கடையே திறக்காத கம்பெனியில் எவ்வளவு நல்ல பெயர் எடுத்தாலும் க்யூ நகராது.

குடும்பம் நடத்தும் ஜவுளி, நகை, பாத்திரக் கடைகளில் ஏணி முதலாளியின் மனசில் இருக்கிறது. கல்லாவும் பர்ச்சேஸும் வீட்டு ஆட்கள் கையில். ஃப்ளோர் சூப்பர்வைசரோடு பல பேரின் பயணம் நின்றுவிடும். ஆனால் சங்கிலிக் கடையில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும்: சரக்கு அறிவு. துணியைத் தொட்டே ரகம் சொல்வது, ஜரிகையைப் பார்த்தே விலை சொல்வதெல்லாம் எந்த கோர்ஸிலும் முழுசாக வராது. சூரத்துக்கோ ஈரோட்டுக்கோ சரக்கு எடுக்கப் போகும்போது முதலாளி ‘நீயும் வா’ என்றால், விசிட்டிங் கார்டில் எதுவும் மாறாவிட்டாலும் அதுதான் உண்மையான புரமோஷன். பின்னாளில் தனிக்கடை போட நினைப்பவருக்கு அந்த ஒரு பயணம் சில வருட அனுபவத்துக்குச் சமம்.

விற்கத் தெரிந்தால் மட்டும் போதுமா?

போதாது. நல்ல சேல்ஸ்மேனை பல கடைகள் கடைசி வரை சேல்ஸ்மேனாகவே வைத்திருக்கும். அவரை மேலே தூக்கினால் அந்த கவுண்டரின் வியாபாரம் படுத்துவிடுமே! மேலே போகிறவர் பெரும்பாலும் கடையின் கணக்கைப் பேசத் தெரிந்தவர்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு நாளில் 400 பேர் கடைக்குள் வருகிறார்கள், 120 பில் விழுகிறது. அதாவது வந்தவர்களில் 30% பேர் வாங்கியிருக்கிறார்கள். இதைத்தான் ‘கன்வெர்ஷன்’ என்கிறார்கள். மொத்த விற்பனை ₹1,80,000 என்றால், ஒரு பில்லின் சராசரி ₹1,500. கூட்டம் கொஞ்சமும் கூடாமல், அந்த 30% மட்டும் 35% ஆனால் 140 பில், ₹2,10,000 விற்பனை. கூடுதலாக வந்த ₹30,000-க்கு விளம்பரச் செலவு கிடையாது. ட்ரையல் ரூம் வாசலில் ஒரு ஆள் கூட நின்றிருக்கலாம், அல்லது அதிகம் கேட்கப்படும் சைஸ் தீர்ந்துபோகாமல் ரேக்கில் இருந்திருக்கலாம்.

‘இந்த மாசம் நல்ல வியாபாரம் சார்’ என்பவருக்கும், ‘சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் வருது, பில் விழல, எக்ஸ்எல் சைஸ் இல்ல’ என்பவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இரண்டாமவரை மேனேஜர் மீட்டிங்குக்குக் கூப்பிடுவார்.

விற்காமல் தேங்கிய சரக்கு எவ்வளவு, திருட்டு, சேதம், பில்லிங் தவறு என்று காணாமல்போகும் ‘ஷ்ரிங்கேஜ்’ எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பார்க்கப் பழகலாம். ஸ்டாக் எடுக்கும் ராத்திரியில் எல்லோரும் நழுவப் பார்ப்பார்கள். கடையின் முழு உடம்பையும் ஸ்கேன் எடுத்ததுபோலப் பார்க்கக் கிடைக்கும் நாள் அது. இந்த எண்களை ரெஸ்யூமேவில் போடும்போது ‘ஹார்டுவொர்க்கிங்’ போன்ற வார்த்தைகளுக்குத் தேவையே இருக்காது.

கடைக்கு வெளியே

எல்லோரும் ஸ்டோர் மேனேஜர் ஆக வேண்டியதில்லை. எந்த ஊர்க் கடைக்கு எந்தச் சரக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் மெர்ச்சண்டைசிங், கடையின் காட்சி அமைப்பைப் பார்க்கும் விஷுவல் மெர்ச்சண்டைசிங், கிடங்கு, ஆன்லைன் விற்பனை எனத் தலைமை அலுவலக வேலைகள் இருக்கின்றன. இவற்றுக்குப் பெரும்பாலும் டிகிரி கேட்பார்கள். பிளஸ் டூவோடு சேர்ந்தவர்கள் தொலைதூரக் கல்வியில் ஒரு பட்டம் முடித்துவைப்பது இங்கேதான் கைகொடுக்கும். குவிக் காமர்ஸ் ‘டார்க் ஸ்டோர்’களில் வேலை சுலபமாகக் கிடைக்கலாம். ஆனால் அங்கே வாடிக்கையாளர் முகத்தையே பார்க்க முடியாது. சரக்கு நிர்வாகம் பழகலாம், விற்பனை பழக முடியாது.

காலும் சம்பளமும்

2010-ல் வந்த வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் இன்னொரு முகம் தெரியும். நாள் முழுக்க நின்றே செய்யும் வேலையில் திறமைக்கு முன் உடம்பு தோற்றுப்போகும். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்து, ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயமானது. கேரளா 2018-லேயே இதைச் செய்துவிட்டது. ஸ்டூல் இருந்தும் ‘உட்காரக் கூடாது’ என்பது எழுதப்படாத விதியாக இருக்கும் கடையில், அந்தச் சட்டம் சுவரோடு சரி.

1947-ம் வருட அந்தச் சட்டப்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் என்றால் இரட்டிப்பு ஊதியம். தீபாவளி சீசனில் இதைக் கேட்டால் சூப்பர்வைசர் முறைப்பார். ஆனாலும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மாதச் சம்பளம் ₹21,000 வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ வரம்புக்குள் வருவார்கள். ஊழியர் பங்கு 0.75%, முதலாளி பங்கு 3.25%. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தால், பணம் உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்று ஆன்லைனில் பார்க்கலாம். பி.எஃப் கணக்குக்கும் அப்படித்தான். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் சம்பளச் சீட்டும் கையில் இல்லாவிட்டால், அடுத்த கம்பெனியில் ஐந்து வருட அனுபவத்தை நிரூபிப்பது கஷ்டம்.

இன்டர்வியூ முடிவில் ‘ஏதாவது கேக்கணுமா?’ என்பார்கள். அப்போது கேட்கலாம்: ‘இப்போ இருக்கிற ஸ்டோர் மேனேஜர் எங்கிருந்து வந்தார் சார்?’ இதே கம்பெனியின் ஃப்ளோரிலிருந்து வந்தவர் என்று பதில் வந்தால், எத்தனை வருஷத்தில் என்பது அடுத்த கேள்வி.