ஐரோப்பியக் கப்பல் சுற்றுலா: பயணச்சீட்டுக்கு முன் பார்க்க வேண்டியது விசாவின் ‘நுழைவு எண்ணிக்கை’

புதுதில்லி: கோடை விடுமுறை நெருங்கும்போது தலைநகரில் சிவாஜி ஸ்டேடியம் மெட்ரோ நிலையத்தில் கூட்டம் கூடுகிறது. ரயிலேறுவோரைப் போலவே கையில் கோப்புடன் நிற்போரும் அங்கு அதிகம். பல ஐரோப்பிய நாடுகளுக்கான விசா விண்ணப்ப மையம் அந்த நிலையத்திலேயே செயல்படுகிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று அமைந்துள்ள மந்திர் மார்க்கிலிருந்து இது சிறிது தொலைவுதான். ஓய்வுபெற்ற பெற்றோரையும் பள்ளி செல்லும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றிவர நினைக்கும் குடும்பங்கள் இப்போது கப்பலைத் தேர்ந்தெடுப்பது பெருகி வருகிறது. பெட்டியை ஒருமுறை திறந்து அறையில் வைத்துவிட்டால் போதும், ஊர்கள்தாம் நம்மைத் தேடி வரும் என்பதே அதற்குக் காரணம்.

கப்பல் சுற்றுலா தமிழர்களுக்கு முற்றிலும் புதியதன்று. 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் கார்டிலியா நிறுவனத்தின் சொகுசுக் கப்பல் சேவையை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அதில் சென்றவர்களுக்கு உள்நாட்டுப் பயணம் என்பதால் அரசு அடையாள அட்டையே போதுமானதாக இருந்தது. அந்த அனுபவத்தை மனத்தில் வைத்து ஐரோப்பியக் கப்பலுக்கும் முதலில் சலுகைக் கட்டணத்தைப் பார்த்துச் சீட்டு எடுத்துவிட்டு, பின்னர் விசாவைப் பற்றி யோசிப்போர் உண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒருமுறை நுழைவு, இருமுறை நுழைவு

ஐரோப்பாவின் 29 நாடுகள் சேர்ந்த ஷெங்கன் பகுதிக்கு ஒரே விசா போதும். ஆனால் அந்த விசாவின் ஒட்டுவில்லையில் எத்தனை முறை நுழையலாம் என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். ‘01’ என்றிருந்தால் ஒரே ஒருமுறை, ‘02’ என்றால் இருமுறை, ‘மல்ட்’ என்ற சுருக்கெழுத்து இருந்தால் பலமுறை. விமானத்தில் சென்று திரும்புவோர் பெரும்பாலும் இதனைக் கவனிப்பதில்லை. கப்பலில் செல்வோருக்கு இதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கிரேக்கத் தீவுகளைச் சுற்றும் குறுகிய காலப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஏதென்ஸில் விமானம் இறங்கும்போது முதல் நுழைவு. பைரேயஸ் துறைமுகத்தில் கப்பலேறி மிக்கோனோஸ் தீவைக் கண்ட மறுநாள், கப்பல் பெரும்பாலும் துருக்கியின் குஷாதாசியில் நிற்கும். பழம்பெரும் எபேசு நகரின் இடிபாடுகள் அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. துருக்கி ஷெங்கன் நாடன்று. ஆகவே குஷாதாசிக்குச் செல்வது ஷெங்கனை விட்டு வெளியேறுவதாகவும், அடுத்து ரோட்ஸ் அல்லது சாண்டோரினிக்கு வருவது இரண்டாவது நுழைவாகவும் கணக்கிடப்படும். கையில் ‘01’ விசா மட்டும் இருந்தால் அந்த இரண்டாவது நுழைவுக்கு அனுமதி இல்லை. நடுக்கடலில் இந்தப் பிரச்சினை எழாதிருக்க, கப்பல் நிறுவனங்கள் பைரேயஸிலேயே ஆவணங்களைச் சரிபார்த்து, போதிய விசா இல்லாதவரை ஏற்ற மறுத்துவிடும். ஆவணங்களுக்குப் பயணியே பொறுப்பு என்பது பயண ஒப்பந்தத்தின் வழக்கமான விதி. எனவே கட்டிய பணம் திரும்பக் கிடைப்பதும் அரிது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இது பல லட்சம் ரூபாய் இழப்பாகும்.

எனவே கப்பலின் பாதையில் ஷெங்கன் அல்லாத துறைமுகம் ஒன்று இருந்தாலும், விண்ணப்பப் படிவத்தில் பலமுறை நுழைவு என்ற கட்டத்தைக் குறிக்க வேண்டும். அதோடு நாள்வாரியாகத் துறைமுகங்களின் பெயர் அடங்கிய பயணத் திட்டத்தையும், கப்பல் முன்பதிவு உறுதிச் சீட்டையும், இரண்டாவது நுழைவு ஏன் தேவை என்பதை இரண்டு வரிகளில் விளக்கும் கடிதத்தையும் இணைப்பது நல்லது. கடவுச்சீட்டு திரும்பக் கைக்கு வந்தவுடன், மையத்தின் வாயிலிலேயே ஒட்டுவில்லையைப் படித்துப் பார்க்க வேண்டும். நுழைவு எண்ணிக்கையுடன், தங்க அனுமதிக்கப்பட்ட நாள்களும் பயண நாள்களுக்குப் போதுமா என்பதை எண்ணிப் பார்ப்பது அவசியம்.

எந்தெந்த நாடுகளில் இந்தச் சிக்கல் வரும்? ஏட்ரியாட்டிக் கடலில் செல்லும் கப்பல்கள் நிற்கும் துப்ரோவ்னிக் நகரம் குரோஷியாவில் உள்ளது. அந்நாடு 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனில் இருப்பதால் கவலை இல்லை. அதற்கு அருகிலேயே உள்ள கோட்டோர் மாண்டினீக்ரோவுக்குரியது. அது ஷெங்கனுக்கு வெளியே. சைப்ரஸும் அவ்வாறே. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிடினும் ஷெங்கனில் உண்டு. ஆனால் நார்வே நோக்கிய பல கப்பல்கள் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் இருந்து புறப்படுவதால் பிரிட்டன் விசாவும் தனியே தேவைப்படும். துருக்கியைப் பொறுத்தவரை, செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வைத்திருக்கும் இந்தியர்கள் இணையவழி விசா பெறலாம். துறைமுக நகரில் மட்டும் குறுகிய நேரம் இறங்கும் கப்பல் பயணிகளுக்குச் சலுகையும் உண்டு. எனினும் இறுதி முடிவு அந்நாட்டு அதிகாரிகளுடையது என்பதால், கப்பல் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகப் பதில் பெற்றுக்கொள்வதே பாதுகாப்பு.

முதன்முறை செல்பவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. பார்சிலோனா, மார்சேய், ஜெனோவா, சிவித்தாவேக்கியா, நேப்பிள்ஸ், பலெர்மோ, மால்டா என மேற்கு மத்தியதரைக் கடலைச் சுற்றும் பாதைகளில் துறைமுகங்கள் அனைத்தும் ஷெங்கனுக்கு உள்ளேயே இருக்கும். அவற்றுக்கு ஒருமுறை நுழைவு விசா போதும்.

விண்ணப்பம் எப்போது, எங்கே

பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள்கள். சாதாரணமாக 15 நாள்களில் முடிவு தெரியும் என்றாலும், கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 நாள்கள் வரை ஆகலாம். மே, ஜூன் மாதப் பயணத்துக்கு ஜனவரி, பிப்ரவரியிலேயே நேரம் பதிவு செய்துவிடுவது நலம். ஏப்ரலில் தேடினால் வசதியான நாள் கிடைப்பது கடினம்.

பல நாடுகளுக்குச் செல்லும்போது அதிக நாள்கள் செலவிடும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். கப்பலில் ஒவ்வொரு நாளும் ஒரு நாடு என்பதால் இது குழப்பம் தரும். கப்பலேறும் ஊரில் முன்னும் பின்னும் இரண்டிரண்டு இரவுகள் விடுதியில் தங்கத் திட்டமிட்டால் கணக்கும் தெளிவாகும், களைப்பும் தீரும்.

2024 ஜூன் 11 முதல் விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கு 45 யூரோ. ஆறு வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கடவுச்சீட்டு பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் குறைந்தது மூன்று மாதம் செல்லத்தக்கதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் கொண்டதாகவும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கான காப்பீடு கட்டாயம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: ‘ஷெங்கன் மட்டும்’ என்ற மலிவான காப்பீடு துருக்கிக் கரையில் பயன்படாது. கப்பலின் மருத்துவர் வாங்கும் கட்டணம் அதிகம். நோயாளியைக் கப்பலில் இருந்து கரைக்குக் கொண்டு செல்லும் செலவு அதைவிட அதிகம். முதியவர்களுடன் செல்வோர் இவ்விரண்டும் காப்பீட்டில் அடங்குகின்றனவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முன்பே சென்று வந்தவர்களுக்கு ஒரு நற்செய்தியும் உள்ளது. கடந்த மூன்று ஆண்டுகளில் இரண்டு ஷெங்கன் விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்திய, இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு இரண்டு ஆண்டு பலமுறை நுழைவு விசா வழங்கலாம் என ஐரோப்பிய ஆணையம் 2024 ஏப்ரல் 18 அன்று முடிவெடுத்தது. இவர்களுக்குக் கப்பல் பாதையைப் பற்றிய கவலை பெரிதும் குறைகிறது. 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் முகப்படமும் கைரேகையும் பதிவு செய்யும் மின்னணு முறை நடைமுறைக்கு வரத் தொடங்கியது. எத்தனை நாள் தங்கினோம் என்பதை இனி முத்திரைக்குப் பதிலாகக் கணினியே எண்ணும். இதனோடு பேசப்படும் ‘எட்டியாஸ்’ என்ற இணைய அனுமதி, விசா தேவைப்படாத நாட்டவருக்கானது. அதை வாங்கித் தருவதாகக் கூறி இந்தியர்களிடம் எவரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

கட்டணத்தில் சொல்லப்படாதவை

விளம்பரத்தில் காணும் தொகை, இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும்போது ஒருவருக்கு ஆகும் கட்டணம். துறைமுக வரி, நாளொன்றுக்கு ஒருவருக்குச் சுமார் 10 யூரோவும் அதற்கு மேலும் பிடிக்கப்படும் சேவைத் தொகை, இணைய வசதி, பானங்கள், கரைச் சுற்றுலா ஆகியவை தனி. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை இந்தியாவில் வாங்கும்போது மூலத்திலேயே வரி வசூலிக்கப்படும். 5 மற்றும் 20 சதவீதமாக இருந்த இதனை 2 சதவீதமாகக் குறைப்பதாக 2026-27 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. வருமான வரிக் கணக்கில் இதனை ஈடுசெய்துகொள்ளலாம் என்பதால் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். கப்பல் கரையை விட்டு அகன்றதும் கைப்பேசி தானாகவே செயற்கைக்கோள் வழிக் கடல் இணைப்பைப் பற்றிக்கொள்ளும். அதன் கட்டணம் சாதாரண ரோமிங் திட்டத்தில் அடங்காது. விமானப் பயன்முறையில் வைத்துவிடுவதே வழி.

சைவ உணவு பெரிய கப்பல்கள் அனைத்திலும் கிடைக்கும். வெங்காயம், பூண்டு இல்லாத உணவு வேண்டுவோர் முன்பதிவின்போதே தெரிவிக்க வேண்டும். மின்சாரக் கெட்டில், குக்கர், இஸ்திரிப் பெட்டி ஆகியவை தீ விபத்து அச்சத்தால் கப்பலில் அனுமதிக்கப்படுவதில்லை. நெய், பால் பொருள்கள், இறைச்சி ஆகியவற்றை இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டு செல்லத் தடை உள்ளது. பச்சைக் கறிவேப்பிலைக்குக் கூடத் தாவர நலச் சான்று கேட்பார்கள். பருப்புப் பொடியும் எண்ணெய் ஊறுகாயும் கைகொடுக்கும்.

துறைமுகத்தின் பெயர் வேறு, ஊர் வேறு

பயண அட்டவணையில் ‘ரோம்’ என்றிருந்தால், கப்பல் நிற்பது சிவித்தாவேக்கியாவில். அங்கிருந்து ரோம் சுமார் 70 கிலோமீட்டர். ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ‘புளோரன்ஸ்’ என்றால் லிவோர்னோ, சுமார் 90 கிலோமீட்டர். ‘வெனிஸ்’ என்பது இன்னும் தொலைவு. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அந்நகரின் நடுக் கால்வாயில் நுழைய 2021 ஆகஸ்ட் 1 முதல் தடை உள்ளதால், பல கப்பல்கள் சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியுள்ள டிரியெஸ்டேயிலோ ராவென்னாவிலோ நிற்கின்றன. மேல்தளத்தில் நின்று வெனிஸைப் பார்க்கலாம் என்று எண்ணிச் செல்வோர் ஏமாற்றமடைவர். மாறாக நேப்பிள்ஸில் துறைமுகம் நகரின் மடியிலேயே உள்ளது. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய்க்கு அங்கிருந்து உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். ஆனால் அங்கு நாளொன்றுக்கு 20,000 பேருக்கே அனுமதி என 2024 நவம்பரில் வரம்பு விதிக்கப்பட்டது. ஏதென்ஸ் அக்ரோபொலிஸுக்கும் அதே வரம்பு, நேரம் குறித்த சீட்டு. கடும் வெயில் நாள்களில் நண்பகலில் அதனை மூடியதும் உண்டு. மேயும் செப்டம்பரும் முதியவர்களுக்கு ஏற்ற மாதங்கள்.

சாண்டோரினியில் கப்பல் கரையைத் தொடாது. சிறு படகுகளில் இறக்கி, செங்குத்தான பாறையின் அடியில் விடுவார்கள். மேலே ஊருக்குச் செல்லக் கம்பிவட ஊர்தி உண்டு. இல்லையேல் ஏறத்தாழ 600 படிகள். கப்பல் பயணிகளை நாளொன்றுக்கு 8,000 பேராக அத்தீவு 2025-இல் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டு ஜூலை முதல், கோடை உச்சப் பருவத்தில் சாண்டோரினி, மிக்கோனோஸ் தீவுகளில் இறங்கும் கப்பல் பயணி ஒருவருக்கு 20 யூரோ கட்டணம் விதிக்கப்படுகிறது. முழங்கால் வலி உள்ள பெற்றோரை அழைத்துச் செல்வோர், அட்டவணையில் ‘படகில் இறங்குதல்’ என்ற குறிப்பு எந்தெந்த ஊர்களுக்கு இருக்கிறது என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். சக்கர நாற்காலியைப் பல இடங்களில் அப்படகுகளில் ஏற்ற முடிவதில்லை.

கரையில் ஊர் பார்க்க இரு வழிகள். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவுக்கு விலை அதிகம், ஆனால் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகச் சென்றால் செலவு குறையும், ஆனால் குறித்த நேரத்தில் கப்பல் போய்விடும். அடுத்த துறைமுகத்துக்குத் தம் செலவில் சென்று சேர வேண்டும். அந்த அடுத்த துறைமுகம் வேறு நாடாக இருந்தால் மீண்டும் விசாக் கேள்வி எழும். நேப்பிள்ஸ், பைரேயஸ் போன்று ஊரருகே நிற்கும் இடங்களில் தனியாகவும், ரோம், புளோரன்ஸ் போன்ற தொலைவிடங்களில் கப்பல் சுற்றுலாவிலும் செல்வது அறிவுடைமை. எங்கு சென்றாலும் புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகத்துக்குத் திரும்புமாறு திட்டமிட வேண்டும். கைக்கடிகாரம் கப்பல் நேரத்தில் இருக்கட்டும். இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் ஒரு மணி நேர வேறுபாடு உண்டு.

இதே எச்சரிக்கை முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் பொருந்தும். தில்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ செல்லும் விமானம் கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே சென்று சேர வேண்டும். இறங்கும் நாளின் முந்தைய இரவே பெரிய பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். கடவுச்சீட்டு, அன்றாட மருந்து, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். காலை ஏழு மணிக்குக் கப்பல் கரை சேர்ந்தாலும் பெட்டி கைக்கு வர ஒன்பது மணியைத் தாண்டிவிடலாம் என்பதால், திரும்பும் விமானத்தைப் பிற்பகலுக்குப் பிறகே பதிவு செய்ய வேண்டும்.