அட்டையில் எழுதிய சத்தியங்கள்

மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள திரிங்காப்பில் அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. கம்போங் ராஜா போகும் சாலையோரம் முட்டைக்கோசும் தக்காளியும் லாரியில் ஏற்றுகிற இடங்களில் கேட்டால், கிழிந்த பெட்டிகளைச் சும்மாவே தந்துவிடுவார்கள். எங்கள் சனிக்கிழமை வாசிப்புக் கூட்டத்துக்கு அவைதான் கரும்பலகை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் காய்கறித் தோட்டத்துப் பிள்ளைகளுமாக எட்டுப் பத்துப் பேர் வருவார்கள்.

பள்ளி முடித்த இளைஞன் ஒருவன் ஒருநாள் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய தடித்த நாவலோடு வந்தான். அதில் வரும் ஜேமி லானிஸ்டர் அரசனைக் காப்பேன் என்று சத்தியம் செய்தவன். வீரன் என்ற முறையில், எளியவர்களைக் காப்பேன் என்றும் சத்தியம் செய்தவன். அந்த அரசனே தலைநகரைக் கொளுத்தச் சொன்னபோது, அரசனைக் கொன்றுவிட்டான். "இவன் மீறியது எந்தச் சத்தியத்தை, ஐயா?" என்றான் இளைஞன். அட்டையை எடு என்றேன். அன்று தொடங்கிய வேலை இன்னமும் இப்படித்தான் நடக்கிறது.

முதலில், ஒரு சத்தியத்துக்கு ஓர் அட்டை. ஞாபகத்தில் இருப்பதை எழுதக்கூடாது. நூலைத் திறந்து, அதில் உள்ளதை முழுதாக எழுத வேண்டும். சின்ன வேலைதான், ஆனால் பாதிச் சண்டை இங்கேயே தீர்ந்துபோகும்.

பழகிப்பார்க்க நாங்கள் எடுத்தது ஹாங் துவா கதை. இந்நாட்டுப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. கோள்சொல்லைக் கேட்டு, விசாரணையே இல்லாமல் துவாவைக் கொல்லச் சொல்கிறார் மலாக்கா சுல்தான். முதலமைச்சரான பெண்டஹாரா அவனைக் கொல்லாமல் ஒளித்துவைக்கிறார். துவா செத்துவிட்டான் என்று நம்பிய தோழன் ஜெபாட் கொதித்தெழுந்து அரண்மனையையே பிடித்துக்கொள்கிறான். அவனை அடக்க ஆளில்லாமல் சுல்தான் தவிக்கும்போது துவா வெளியே வருகிறான். வந்து, தனக்காகக் கலகம் செய்த தோழனையே கொல்கிறான். பிள்ளைகள் எழுதிய முதல் அட்டையில் ஒரே வரி: அரசனுக்குத் துரோகம் செய்யமாட்டோம். மலாய் மொழியில் இதை 'டெர்ஹாக்கா' என்பார்கள். நம் 'துரோக'மும் அதுவும் ஒரே சமஸ்கிருத வேரில் கிளைத்தவை.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று தேடச் சொன்னேன். 1612-இல் துன் ஸ்ரீ லானாங் வடிவம் கொடுத்த 'செஜாரா மெலாயு'வில் இருக்கிறது. பலெம்பாங்கின் புக்கிட் சிகுந்தாங் மலையில் தோன்றிய சாங் சபுர்பாவும், அவ்வூர்த் தலைவர் டெமாங் லேபார் டாவுனும் செய்துகொண்ட உடன்படிக்கை அது. அரசர் கொடியவராகவே இருந்தாலும் என் வழியினருக்கு உன் வழியினர் துரோகம் செய்யக்கூடாது என்கிறார் சபுர்பா. டெமாங்கும் லேசுப்பட்டவர் இல்லை. குடிகள் எவ்வளவு பெரிய குற்றம் செய்தாலும் அவர்களை இழிசொல்லால் அவமானப்படுத்தக்கூடாது. கொல்வதானாலும் சட்டம் சொன்னபடிதான் கொல்ல வேண்டும் என்கிறார். கடைசியில் ஒரு வார்த்தை சேர்க்கிறார்: உங்கள் வழியினர் முதலில் மாற்றினால், எங்கள் வழியினரும் மாற்றுவார்கள். இந்த 'மாற்றினால்' அட்டையில் ஏறியதும் அறையில் சலசலப்பு. முதல் அட்டையை எழுதிய பெண், கேட்காமலேயே அதைக் கிழித்துவிட்டு வேறு பெட்டி தேடப் போனாள்.

அடுத்து, அட்டையின் அடியில் தண்டனையை எழுத வேண்டும். மீறினால் என்ன ஆகும் என்பதைச் சத்தியம் செய்கிறவர்களே பெரும்பாலும் சொல்லியிருப்பார்கள். டெமாங்கின் உடன்படிக்கையை மாற்றுகிறவனின் வீடு கவிழ்ந்துபோகும்: முகடு கீழே, தூண் மேலே. நம் புறநானூற்று வஞ்சினங்களை இந்த இடத்தில் படிக்கக் கொடுப்பேன். 71-ஆம் பாட்டில் பூதப்பாண்டியன், பகைவரை வெல்லாவிட்டால் மனைவியைப் பிரிந்தவன் ஆவேன் என்கிறான். அதோடு, அறம் பிறழாத அவையத்தில் தகுதியில்லாத ஒருவனை அமர்த்தி முறை கெடுத்தவன் ஆவேன் என்றும் சொல்கிறான். சண்டைக்குப் புறப்படுகிறவன் தனக்கு நேரக்கூடிய கேடுகளில் ஒன்றாகக் கெட்ட நீதியை எண்ணுகிறான் பாருங்கள். ஒருவன் எதற்கு அஞ்சுகிறான் என்று தெரிந்தால், இரண்டு சத்தியங்கள் மோதும்போது எதைப் பிடித்துக்கொள்வான் என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

மூன்றாவது, சத்தியத்தின் சொற்கள் கேட்பது எவ்வளவு என்று அளப்பது. இதற்குக் கர்ண பர்வத்தை விட்டால் வேறு பாடமில்லை. காண்டீவத்தை வேறொருவனிடம் கொடு என்று யார் சொன்னாலும் அவன் தலையை எடுப்பேன் என்பது அர்ச்சுனன் மனத்துக்குள் எடுத்த விரதம். பதினேழாம் நாள் போரில் அதைச் சொல்லிவிட்டவர் தருமர். வாளை உருவிய அர்ச்சுனனிடம் கண்ணன் வழி சொல்கிறான்: மூத்தவரை 'நீ' என்று ஒருமையில் அழைத்தாலே அவரைக் கொன்றதுபோல. அப்படியே வைதுவிட்டு, அந்தப் பாவத்துக்காக அர்ச்சுனன் தன்னைக் கொல்லப் போகிறான். தற்புகழ்ச்சியே தற்கொலைதான், உன்னை நீயே புகழ்ந்துகொள் என்கிறான் கண்ணன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வக்கீல் வேலை என்று ஒருவன் சொன்னான், தப்பில்லை. ஆனால் இந்தச் சாமர்த்தியம் எல்லா அட்டைக்கும் பொருந்தாது. அர்ச்சுனன் விரதம் அவனே தனக்கு விதித்துக்கொண்டது, அதைத் தளர்த்தினால் யாருக்கும் நட்டமில்லை. டெமாங்கின் உடன்படிக்கையில் எதிரே இன்னொருவர் நிற்கிறார். அதனால் சத்தியம் யாரிடம் செய்யப்பட்டது, விடுவிக்கும் உரிமை யாருக்கு என்பதை அட்டையின் பின்புறம் எழுதிவைக்கிறோம்.

பிறகு அட்டைகளை நிகழ்ந்த வரிசையில் தரையில் பரப்புவோம். முதல் மீறல் சுல்தானுடையது: விசாரிக்காமல் கொல்லச் சொன்னார். அதுவரை ஜெபாட் பக்கம் நியாயம் இருக்கிறது. உஸ்மான் அவாங் 1961-இல் ஜெபாட்டை நாயகனாக்கி 'மாத்தின்யா செஓராங் பஹ்லாவான்' நாடகம் எழுதியதை நான் சொன்னதும், பையன்கள் முழுதாக ஜெபாட் கட்சிக்குத் தாவினார்கள். ஆனால் துவா கதையைச் சொல்லும் பழைய நூலான ஹிக்காயாட்டைத் தொடர்ந்து படித்தால், துவாவிடம் குத்துப்பட்ட ஜெபாட் ஊருக்குள் ஓடி, கண்ணில் பட்டவர்களையெல்லாம் வெட்டுகிறான். செத்தவர்கள் யாரும் உடன்படிக்கையை மாற்றியவர்கள் அல்லர். அவனுக்கு இன்னோர் அட்டை தேவைப்பட்டது. துவாவின் அட்டையை எழுத எனக்கே மனம் வரவில்லை. டெமாங் சேர்த்த வார்த்தையை அவன் கேள்விப்பட்டே இருக்கமாட்டான் என்று தோன்றும்.

மிஞ்சியது பெண்டஹாராவின் அட்டை. கொல் என்ற ஆணையை அவர் நிறைவேற்றவில்லை, கலகமும் செய்யவில்லை. சுல்தான் வருந்தியபோது துவாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். மீறியவர் வரிசையில் வைத்தால் ஒருத்தி எடுத்துவிடுகிறாள், மீறாதவர் வரிசையில் வைத்தால் இன்னொருவன் எடுத்துவிடுகிறான். மழை பிடித்துக்கொண்டது, எல்லாரும் கிளம்ப வேண்டியதாயிற்று. அட்டை நடுவிலேயே கிடந்தது. ஜேமியின் இளைஞன் மட்டும் வாசலில் நின்று நாவலைப் புரட்டிக்கொண்டிருந்தான், அரசனிடம் செய்த சத்தியத்தில் எங்காவது ஒரு 'மாற்றினால்' உண்டா என்று.