கம்ப்யூட்டரில் இசைப்பதிவு: இணைப்புக் கருவியைத் தெரிந்தெடுக்கும் முறை

1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கோஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் இசை பதிவு செய்யப்பட்டபோது மைக்ரோபோனும் இல்லை. மின்சாரப் பெருக்கியும் இல்லை. பாடுபவர் ஒரு பெரிய புனலின் வாயருகே நின்று உரக்கப் பாடவேண்டும். அவ்வொலியின் விசையே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கீறும். மெல்லிய குரல் அதில் பதிவது அரிது. இன்று ஒரு பள்ளிக்கூடத்து அறையிலேயே, ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரைக் கொண்டு, அக்காலத்துப் பதிவைவிடப் பன்மடங்கு தெளிவான பதிவைச் செய்யலாம். ஆயினும், மெல்லிய ஒலியைப் பழுதின்றிப் பிடிப்பது எவ்வாறு என்னும் பழைய பிரச்னை அடியோடு மறைந்துவிடவில்லை. மைக்ரோபோனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே வைக்கப்படும் 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' என்னும் சிறு பெட்டியை அது பெரிதும் பொறுத்திருக்கிறது. இப்பெட்டியை இணைப்புக் கருவி எனலாம்.

கிராமங்களில் தாலாட்டு, நடவுப் பாட்டு, கதைப் பாட்டு ஆகியவற்றைச் சேகரிக்கும் ஊழியர்களுக்கும், இசைப் பாடங்களைப் பதிவு செய்யும் ஆசிரியர்களுக்கும் இக்கருவியைப் பற்றிய அறிவு அவசியமாகும். வயது முதிர்ந்த ஒருவர் இன்று பாடும் பாட்டு மறுமுறை கிடைக்காமலே போகலாம்.

கருவியின் வேலை

மைக்ரோபோன், காற்றின் அதிர்வை மின் அழுத்தமாக மாற்றுகிறது. இந்த அழுத்தம் மிகவும் சிறியது. சாதாரணப் பேச்சில் பெரும்பாலும் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இணைப்புக் கருவி முதலில் இதைப் பெருக்குகிறது. பின்னர் ஒரு வினாடியில் பல்லாயிரம் முறை அளந்து, அளவுகளை எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. பதிவைக் கேட்கும்போது அந்த எண்களை மீண்டும் மின் அலையாக மாற்றித் தலையில் அணியும் ஒலிப்பானுக்குத் தருகிறது.

கம்ப்யூட்டரிலேயே மைக்ரோபோன் துவாரம் இருக்கிறதே என்று கேட்கலாம். அது பேச்சுக்கான சிறு மைக்ரோபோன்களை உத்தேசித்து அமைக்கப்பட்டது. அதன் பெருக்கி எளியது. கம்ப்யூட்டரின் உட்பகுதியில் எழும் மின் இரைச்சலும் அதில் கலந்துவிடுவது உண்டு. இசைப்பதிவுக்கு அது போதாது.

பெரிய எண்களின் மயக்கம்

விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது '192' போன்ற பெரிய எண். கருவி ஒரு வினாடியில் எத்தனை ஆயிரம் முறை அளக்கிறது என்பதை இது குறிக்கும். மனிதச் செவி ஏறத்தாழ வினாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரையே உணரும். ஓர் அலையை முழுமையாக மீட்பதற்கு அதன் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்பது ஷானன் 1949-இல் வெளியிட்ட ஆராய்ச்சியால் நன்கு நிலைநாட்டப்பட்டது. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் இவ்வளவு 44,100 ஆகும். இன்றைய வேலைக்கு 48,000 போதுமானது.

ஒவ்வோர் அளவையும் எத்தனை நுட்பமாகக் குறிப்பது என்பது அடுத்த விஷயம். 16 பிட் முறையில் 65,536 படிகள் உண்டு. 24 பிட் முறையில் 1,67,77,216 படிகள் உண்டு. பதிவு செய்கையில் 24 பிட் முறையே சிறந்தது. ஒலியின் உச்சத்தைச் சற்றுத் தாழ்வாக வைத்தாலும் நுட்பம் குறையாது என்பதே காரணம். 48,000 அளவு, 24 பிட் என்ற வீதத்தில் இரு தடங்களை ஒரு மணி நேரம் பதிவு செய்தால் சுமார் ஒரு கிகாபைட் இடம் பிடிக்கும். இன்று விற்கப்படும் மலிவான கருவிகளும் இத்திறன் உடையவை. எனவே, இந்த எண்களைக் கொண்டு ஒன்றை மற்றொன்றினின்று தரம் பிரிக்க இயலாது.

முதற்படியே முக்கியம்

தரம் பிரிவது மைக்ரோபோன் பெருக்கியில். சாதாரண டைனமிக் மைக்ரோபோனில் மெல்லிய குரலைப் பதிவு செய்வதற்குச் சுமார் 60 டெசிபல் பெருக்கம், அதாவது ஆயிரம் மடங்கு, தேவைப்படும். சில சிறு கருவிகள் 50 டெசிபலோடு நின்றுவிடும். பெருக்கி தானே உண்டாக்கும் இரைச்சலும் ஒலியோடு சேர்ந்து பெருகும் என்பதையும் கவனிக்க வேண்டும். கருவியின் விவரக் குறிப்பில் 'உள்ளீட்டுக்குச் சமமான இரைச்சல்' என்ற அளவு இருக்கும். அது மைனஸ் 128 அளவில் இருந்தால் நல்லது. மைனஸ் 110 என்றால் மெல்லிய ஒலிக்குப் பயன்படாது.

கண்டென்ஸர் வகை மைக்ரோபோன்களுக்கு 48 வோல்ட் மின்சாரம் கருவியிலிருந்தே செல்லவேண்டும். அவ்வசதி இல்லாவிடில் அவற்றில் பெரும்பாலானவை இயங்கா. வீணை போன்ற வாத்தியங்களின் மீது ஒட்டப்படும் பீஸோ வகைத் தொடு மைக்ரோபோனுக்கு வேறு வகை வாயில் தேவை. அதன் மின் தடை சுமார் 10 லட்சம் ஓம் இருக்கவேண்டும். குறைந்தால் தாழ்ந்த சுவரங்கள் மெலிந்துவிடும்.

எத்தனை வாயில்கள்?

ஒருவர் மட்டும் பாடுவதற்கு ஒரு வாயில் போதும். மிருதங்கத்தின் இரு முகங்களையும் தனித்தனியே பிடிப்பதற்கு இரண்டு வேண்டும். பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றும் ஒருங்கே ஒலித்தால் நான்கு வேண்டும். 'நான்கு வாயில்' என்று விற்கப்படும் சில கருவிகளில் இரண்டில் மட்டுமே மைக்ரோபோன் பெருக்கி உண்டு. ஆகவே, ஒரே சமயத்தில் எத்தனை மைக்ரோபோன்களைப் பதிவு செய்ய இயலும் என்று கேட்டறிவதே முறை.

தாமதம்

கம்ப்யூட்டர் எண்களைத் தொகுதி தொகுதியாகவே பெறுகிறது. ஒரு தொகுதியில் 1,024 அளவுகள் இருந்தால் அதனால் மட்டும் சுமார் 21 மில்லிவினாடி தாமதம் நேரும். ஒலி காற்றில் 7 மீட்டர் கடக்கும் நேரம் இது. பாடுபவர் தம் குரலையே இத்தாமதத்துடன் கேட்டால் தாளம் தடுமாறும். தொகுதியை 256 ஆக்கினால் தாமதம் சுமார் 5 மில்லிவினாடியாகக் குறையும். ஆனால் கம்ப்யூட்டரின் வேலை மிகும். பாடுபவரின் குரலைக் கம்ப்யூட்டருக்குள் செலுத்தாமல் நேரே அவர் செவிக்கு அனுப்பும் வசதி பல கருவிகளில் உண்டு. பழைய கம்ப்யூட்டரை உபயோகிப்போர் இவ்வசதியுள்ள கருவியையே வாங்குதல் நலம்.

கம்ப்யூட்டருடன் பொருத்தம்

யூ.எஸ்.பி. முறையின் பொது விதியைப் பின்பற்றும் கருவியே நெடுநாள் உழைக்கும். தனக்கென விசேஷ மென்பொருளை மட்டுமே நம்பும் கருவி, தயாரிப்பாளர் அதைப் புதுப்பிக்காத நாளிலிருந்து பயனற்றதாகிவிடலாம். ஒரு காலத்தில் சிறந்து விளங்கிய ஃபயர்ஒயர் கருவிகள் பல, அத்துவாரம் புதிய கம்ப்யூட்டர்களில் இல்லாமையால் இன்று சும்மா கிடக்கின்றன. கிராமங்களுக்குச் செல்வோர், யூ.எஸ்.பி. கம்பி வழியாகவே மின்சாரம் பெறும் கருவியைத் தெரிந்தெடுக்கவேண்டும். கம்ப்யூட்டரை அதன் பாட்டரியில் இயக்கினால், வீட்டு மின்சாரத்தால் எழும் 50 சைக்கிள் முனகலும் பெரும்பாலும் விலகும்.

வாங்குமுன் சோதனை

வேலைக்கு உபயோகிக்கப்போகும் மைக்ரோபோனையே கருவியில் இணைத்து, ஒருவரைத் தாழ்ந்த குரலில் பாடச் செய்யவேண்டும். உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலில் நிற்குமாறு பெருக்கத்தைத் திருத்தி, பின்பு பத்து வினாடி மௌனத்தைப் பதிவு செய்து செவியில் கேட்கவேண்டும். இரைச்சல் தெளிவாகக் கேட்டால், அக்கருவி மெல்லிய ஒலிக்கு ஏற்றதன்று. உரத்துப் பாடியபோது ஒலி கரகரத்தால், பெருக்கத்தை மிகுதியாக வைத்ததே காரணம்.

எண்களாக மாறிய பின் ஒலியை வெட்டலாம், கூட்டலாம், குறைக்கலாம். அவ்வேலையைச் செய்யும் மென்பொருள்கள் நாளுக்கு நாள் அபிவிருத்தி அடைகின்றன. ஆனால் எண்ணாக மாறுவதற்கு முன் இரைச்சலில் மூழ்கிய குரலையும், அளவு மீறி முறிந்த குரலையும் முழுமையாக மீட்க வழியில்லை. ஆகவே வாயில்களின் எண்ணிக்கையையும் மைக்ரோபோனின் வகையையும் முதலில் நிச்சயித்து, பெருக்கியின் தரத்தை அடுத்துச் சோதித்து, பிற வசதிகளைக் கடைசியில் கருதுவதே உசிதமான முறையாகும்.