இயக்கி மூலநிரலும் இரகசிய உடன்படிக்கையும்

கணினியோடு இணையும் கருவி ஒவ்வொன்றும் இயக்கி எனப்படும் நிரலின் துணையாலேயே தொழிற்படுவது. அவ்வியக்கியின் மூலநிரலை உலகறிய வெளியிடுதல் அதனை ஆக்கிய நிறுவனத்தின் விருப்பத்தை மட்டும் பொறுத்தது எனப் பலரும் கருதுவர். அஃது அவ்வாறன்று. பெருநிறுவனமொன்றின் இயக்கியிலே, விலைக்கு வாங்கிய பிறர் நிரலும், இரகசியம் பேணுவதாகக் கையொப்பமிட்டுப் பெற்ற பிறர் நுட்பமும் விரவிக் கிடக்கும். தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட எண்ணுபவன், அயலார் அடைக்கலமாக வைத்த பொருளும் உள்ளே இருப்பதை மறத்தல் தகாது.

வரைவியற் சில்லுகளை ஆக்கிய ஏ.ரி.ஐ. நிறுவனத்தை ஏ.எம்.டி. நிறுவனம் 2006 ஆம் ஆண்டிலே வாங்கிற்று. மறு ஆண்டு செப்டெம்பரில், லினக்ஸ் இயங்குதளத்துக்குத் திறந்த இயக்கி அமையத் துணைபுரிவதாக அறிவித்தது. ஆயினும் தன்னிடமிருந்த மூடிய இயக்கியை அது திறக்கவில்லை. பிறர்க்குரிய பகுதிகளை அதனின்றும் வேறுபிரித்தல் பெரும்பாடாதலின், சில்லின் பதிவகங்களை விளக்கும் ஆவணங்களைச் சட்ட அறிஞர் பார்வைக்குட்படுத்தி வெளியிட்டு, அவற்றைக் கொண்டு புதிய இயக்கியை எழுதுவிக்கும் வழியை மேற்கொண்டது. இருப்பதைத் துப்புரவாக்குவதினும் இல்லாததைப் புதிதாய் எழுதுவது எளிதாதல் விந்தையே. காணொளிச் சுருக்கத்தை விரிக்கும் உறுப்போ, படியெடுத்தலைத் தடுக்கும் காவலோடு பின்னிக் கிடந்தது. அதற்குரிய திறந்த நிரல் 2013 ஏப்பிரலிலேதான் வெளிவந்தது.

இரகசிய உடன்படிக்கை திறந்த நிரலுக்கு என்றும் பகையாதல் வேண்டுமோ எனின், வேண்டியதில்லை. லினக்ஸ் கருநிரலை ஆக்குவோருள் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் 2007 தொடக்கத்தில் ஒரு திட்டத்தை அறிவித்தார். நிறுவனத்தின் ஆவணங்களை உடன்படிக்கையின் பேரிற் பெற்று, கருநிரலாளர் கட்டணமின்றி இயக்கி எழுதிக் கொடுப்பர். ஆவணம் மறைவாகவே இருக்கும். எழுதிய நிரல் முழுவதும் பொது உரிமத்தின் கீழ் வெளிவரும். மறைக்கப்படுவது எது, வெளியிடத்தக்கது எது என்னும் எல்லையைக் கையொப்பத்துக்கு முன்னரே வரையறுத்தமையே இத்திட்டத்தின் நுட்பம்.

ஓபன் பி.எஸ்.டி. இயங்குதளத்தின் தலைவர் தியோ டி ராட் இத்தகைய உடன்படிக்கைகளை அறவே மறுப்பவர். ஆவணத்தைக் காணாதவன், நிரலிலுள்ள எண் ஒன்று ஏன் அவ்வாறு அமைந்தது என்பதை அறியான். எழுதியவர் விலகியபின் பிழை திருத்துவார் எவர்? இம்மறுப்பு வலிமையுடையதே. எனினும் ஆவணமும் இன்றி, இயக்கியும் இன்றி நிற்கும் பயனாளனுக்கு இது தரும் ஆறுதல் சிறிது.

நிறுவனம் முழுமனத்தோடு முனையினும் மூன்றாமவர் தடுத்தலும் உண்டு. எச்.டி.எம்.ஐ. 2.1 இணைப்பு முறையைத் திறந்த இயக்கியிற் சேர்க்க ஏ.எம்.டி. நிறுவனம் நிரல் வரைந்து, அம்முறையின் விதிகளைக் காக்கும் மன்றத்திடம் இசைவு வேண்டிற்று. விதிநூல் உறுப்பினர்க்கு மட்டுமே உரியது. நிரலை வெளியிடின் விதியும் வெளிப்படும். 2024 பெப்ருவரியில் மன்றம் மறுத்துவிட்டது என்னும் செய்தி வெளியாயிற்று. வரைந்த நிரல் வெளிவராது நின்றது.