வயலில் அடித்த மருந்து எங்கே போகிறது?

சென்ற விடுமுறையில் கரும்புக்குக் களை மருந்து அடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்த என் தந்தையார், "நாலு வாரத்துல மருந்தோட வேகம் போயிடும்கிறாங்களே, அது எங்கடா போகுது?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடை தெரியாமல் விழித்தேன். பின்னர் ஆசிரியர்களைக் கேட்டும் நூலகத்தில் தேடியும் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

அந்த மருந்தின் பெயர் 2,4-டி. 1940களில் வழக்கிற்கு வந்தது. அகன்ற இலைக் களைகளைக் கொல்லும். புல்லினமான கரும்பையும் நெல்லையும் பெரும்பாலும் விட்டுவிடும். அதன் மூலக்கூறில் ஒரு பென்சீன் வளையம், வளையத்தின்மேல் இரண்டு குளோரின் அணுக்கள், ஒருபுறம் அசெட்டிக் அமிலத்தால் ஆன வால். பென்சீன் வளையம் எளிதில் உடையாது. குளோரினும் ஏறிக்கொண்டால் கேட்கவே வேண்டியதில்லை.

1949இல் இங்கிலாந்தில் ஆடஸ் என்ற அறிஞர் 2,4-டி கரைசலை மண்ணின் வழியே திரும்பத் திரும்பச் செலுத்திப் பார்த்தார். சில காலம் மருந்து அவ்வளவாகக் குறையவில்லை. பிறகு விரைந்து மறைந்தது. அதே மண்ணில் மறுபடி செலுத்தியபோது அந்தத் தாமதமே இல்லை! மருந்து தானாகவே சிதைந்திருந்தால் இரண்டாம் முறை மட்டும் ஏன் விரைய வேண்டும்? மண்ணிலுள்ள ஏதோ ஓர் உயிர் அதைத் தின்னப் பழகியிருந்தது.

அத்தகைய உயிர்களுள் நன்கு ஆராயப்பட்ட ஒன்று ஜே.எம்.பி.134 என்னும் பாக்டீரியா. ஆஸ்திரேலியாவில் டான், பெம்பர்ட்டன் ஆகிய இருவரும் 1981இல் இதைப் பற்றி எழுதினர். முதலில் அல்காலிஜீன்ஸ் என்றார்கள், பிறகு ரால்ஸ்டோனியா என்றார்கள், இப்போது குப்ரியாவிடஸ் என்கிறார்கள். பரீட்சை எழுதுகிறவர்களின் துன்பம் பெயர் வைப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

இதன் முதல் நொதி, மூலக்கூறின் வாலை வெட்டுகிறது. கிடைப்பது டைகுளோரோஃபீனால். இது 2,4-டியைவிட அந்தப் பாக்டீரியாவுக்கே கொடியது; தேங்கவிட்டால் ஆபத்து. உடனே இரண்டாம் நொதி வளையத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்த்து, அதை டைகுளோரோகேட்டகால் ஆக்குகிறது. மூன்றாம் நொதி இரு ஹைட்ராக்சில்களுக்கும் நடுவே வளையத்தைப் பிளக்கிறது. நான் மிகவும் வியந்தது இங்கேதான். குளோரினைப் பிடுங்கிய பிறகே வளையம் உடையும் என்று எண்ணியிருந்தேன். நடப்பதோ நேர்மாறு. குளோரின் இருக்கும்போதே வளையம் திறக்கிறது. திறந்த சங்கிலியை நான்காம் நொதி வேறொரு வடிவில் மூடும்போது ஒரு குளோரின் கழன்று, நம் சமையல் உப்பில் உள்ள அதே குளோரைடாகிறது. ஐந்தாம் நொதி அந்தப் புதிய வளையத்தைத் திறக்கிறது. ஆறாம் நொதி எஞ்சிய குளோரினை நீக்குகிறது. மிச்சம் கிரெப்ஸ் சுழற்சியில் சேர்ந்து பாக்டீரியாவுக்கு உணவாகிறது.

இந்த நொதிகளுக்கான மரபணுக்கள் குரோமோசோமில் இல்லை. ஏறத்தாழ 88,000 காரஇணைகள் கொண்ட பிளாஸ்மிடு என்னும் தனி வளையத்தில் இருக்கின்றன. ஒரு பாக்டீரியா இதைப் படியெடுத்து மற்றொன்றுக்கு வழங்கவும் கூடும். இரவல் கொடுத்த பிறகும் கொடுத்தவனிடம் பொருள் அப்படியே இருக்கிறது!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் மூன்று நொதிகளுக்கும் ஆக்சிஜன் தேவை. காற்றுப் புகும் கரும்பு நிலத்தில் அதற்குக் குறைவில்லை. நீர் தேங்கிய நெல்வயலிலோ, சேற்றின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. அங்கே 2,4-டி சிதைவது மிக மெதுவாகத்தான். என் தாயார் நாளெல்லாம் குனிந்து களையெடுப்பது அந்தச் சேற்றில் நின்றுதான். ஆகவே எனக்கு இது பரீட்சைக்கு மட்டும் உரிய செய்தியன்று.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது தந்தையாரிடம் இதையெல்லாம் சொன்னேன். வளையம், நொதி என்றபோது பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், காற்று என்றதும் நிமிர்ந்தார். "நெல்லுக்கு அடிக்கையில தண்ணிய வடிக்கச் சொல்றது அதுக்குத்தானா?" என்றார். இல்லை, களையின் இலை வெளியே தெரிந்து மருந்து நன்றாகப் படவேண்டும் என்பதற்காக என்றேன். "இருக்கட்டும், வடிச்சா மண்ணுக்கும் கொஞ்சம் காத்துப் போகுமில்ல?" என்றார். போகும் என்றேன்.